இணையத்தில் இருக்கும் படத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டுமா? பாரிசில் கார்த்தியே-பிரெஸ்ஸோன்

கேள்வி: 2014 பிப்ரவரி 20

ஏப்ரலில் வேலை விஷயமாக பாரிஸ் வருகிறேன். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கும். பொம்பிடு மையம் என்ற கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் வாழ்நாள் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள், விட்டுவிடாதே என்று நண்பர் சொல்கிறார். எனக்கு அவ்வளவு ஆர்வம் வரவில்லை. தேங்கிய தண்ணீரைத் தாண்டும் ஆள், இரண்டு கையிலும் ஒயின் பாட்டிலோடு வரும் பையன், படிக்கட்டுக்குக் கீழே போகும் சைக்கிள், எல்லாமே இணையத்தில் நூறு முறை பார்த்தவை. சரியான நொடியில் பட்டனை அழுத்தத் தெரிந்த மனிதர், அவ்வளவுதானே? 500 படங்களை வரிசையாகச் சுவரில் மாட்டினால் அதில் புதிதாக என்ன தெரிந்துவிடும்?

2014 பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்றுப் போய் வந்தேன். போங்கள். அந்த ஒரு நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் காரணம், படங்கள் சின்னவை. இதைக் கேட்டால் விநோதமாக இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் சுவரில் ஆளுயரத்துக்கு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போவோம். அங்கே பல படங்கள் நோட்டுப் புத்தக அளவுதான். 1930-களில் எடுத்தவற்றில் சில அதைவிடச் சிறியவை. கிட்டே போய்க் குனிந்துதான் பார்க்க வேண்டும். நாம் குனிந்தால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், ஆக எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு மெதுவாக நகர்கிறோம். ஆறாம் மாடி முழுக்க அப்படித்தான் இருந்தது.

கண்காட்சியை அமைத்த க்ளெமான் ஷெரூ வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார். பிற்காலத்தில் அருங்காட்சியகங்களுக்காக ஒரே அளவில், ஒரே சாயலில் போட்ட பிரிண்டுகளைத் தவிர்த்து, முடிந்தவரை அந்தந்தக் காலத்தில் போட்ட பிரிண்டுகளையே தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார். 1932-இன் படத்தை 1930-களின் தாளில் பார்க்கிறோம். பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிய பிரிண்ட் பத்திரிகை பிரிண்டாகவே இருக்கிறது. மூலை மழுங்கியவை உண்டு, சாம்பல் ஏறியவை உண்டு.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் புதுச்சேரியில் என் சித்தப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். டார்க் ரூமில் சிவப்பு பல்பு. தட்டில் டெவலப்பர். அதில் வெள்ளைத் தாளைப் போட்டு இடுக்கியால் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் முதலில் தலைமுடி தெரியும், அப்புறம் கண், அதற்கப்புறம்தான் மூக்கு. எடுப்பதற்கு இரண்டு எண்ணிக்கை தாமதித்தால் முகம் கறுத்துவிடும். பாஸ்போர்ட் சைஸ் படம்தான், ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு கையின் வேலை இருந்தது. நேற்று அந்தச் சின்னப் பிரிண்டுகளின் முன்னால் நின்றபோது ஹைப்போ வாசனை, பிரிண்டை நிலைநிறுத்தும் அந்த ரசாயனத்தின் வாசனை, மூக்கில் வந்தது. இவற்றையும் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டே தட்டை ஆட்டியிருக்கிறார்.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் படங்களைத் தானே பிரிண்ட் போடுபவர் அல்ல. பாரிசில் பியர் காஸ்மானின் லேப் அவருக்காகப் போட்டுக் கொடுத்தது. எடுப்பது மட்டும்தான் தன் வேலை என்று இருந்தவர்.

2014 பிப்ரவரி 24

நேற்றைய கடைசிப் பத்தியைத் திருத்த வேண்டும். பொதுவாகச் சொன்னால் சரி, ஆனால் பெரிய விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டேன்.

1940-இல் ஜெர்மன் படையிடம் பிடிபடுவதற்கு முன்னால் தன் லைக்கா கேமராவைப் பிரான்சின் வோழ் மலைப்பகுதியில் ஒரு பண்ணையில் மண்ணுக்கடியில் புதைத்துவிட்டார். கைதிகள் முகாமில் ஏறக்குறைய மூன்று வருடம். இரண்டு முறை தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். மூன்றாம் முறை, 1943 தொடக்கத்தில், தப்பிவிட்டார். கேமராவைத் தோண்டி எடுத்துக்கொண்டார். இதெல்லாம் தெரியாமல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் போரில் செத்திருப்பார் என்று நினைத்து நினைவுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் கண்காட்சியைக் கைவிடவில்லை, அவரையே சேர்த்துக்கொண்டார்கள். 1947-இல் அது நடந்தது.

அந்தக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கத்தான் 300-க்கு மேற்பட்ட சிறிய பிரிண்டுகளைத் தன் கையாலேயே போட்டார். நியூயார்க் போனதும் ஒரு ஆல்பம் வாங்கி அவற்றை ஒட்டினார். ஆக, மறுபடி எழுதுகிறேன்: தன் வாழ்நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவரும் டார்க் ரூமுக்குள் போயிருக்கிறார்.

2014 மார்ச் 2

‘சரியான நொடியில் பட்டனை அழுத்தியவர், அவ்வளவுதானே’ என்ற வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு வாரமாக அதுதான் மண்டையில் ஓடுகிறது.

அந்தப் பெயர் 1952-இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பால் ஒட்டிக்கொண்டது. தீர்க்கமான தருணம் என்று தமிழிலும் எழுதுகிறோம். பிரெஞ்சுத் தலைப்பில் அந்தக் கம்பீரமே கிடையாது. ‘இமாழ் ஆ லா சொவெத்’. உரிமம் இல்லாமல் தெருவோரம் துணி விரித்து விற்பவர்கள் போலீஸ் வருவதைப் பார்த்ததும் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்களே, அந்தப் பதற்றமும் அவசரமும் அந்தச் சொல்லில் இருக்கிறது. இங்கே மெட்ரோ வாசலில் தினமும் பார்க்கிற காட்சி. ஒளிந்து மறைந்து, கிடைத்த இடத்தில் எடுத்த படங்கள் என்று பொருள் கொள்ளலாம். இந்த மனிதருக்கு அந்தத் தலைப்புதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஷாங்காய் படத்துக்கு வருகிறேன். 1948 டிசம்பர். சீனாவை ஆண்ட கோமிந்தாங் கட்சியின் ஆட்சி சரிந்துகொண்டிருக்கிறது, பண நோட்டுக்கு மதிப்பே இல்லை. ஆளுக்கு 40 கிராம் தங்கம் தருவதாக அரசு அறிவிக்கிறது. வங்கி வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம், சிலர் அதில் நசுங்கியே செத்தார்கள். படத்தில் வங்கியும் தெரியவில்லை, தங்கமும் தெரியவில்லை. இடமிருந்து வலமாக உடம்புகள் மட்டும், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. ஒருவர் கை இன்னொருவர் தோளைச் சுற்றி இறுக்கியிருக்கிறது. அது பாசம் கிடையாது, விட்டால் வரிசை போய்விடும். எந்தக் கை யாருடையது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

இது ஒரு நொடிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நொடியில் அவர் எப்படி அங்கே இருந்தார்? அமெரிக்காவின் லைஃப் இதழுக்காகச் சில வாரத்து வேலையாகச் சீனா போனவர் பத்து மாதம் தங்கிவிட்டார். பழைய ஆட்சி போவதையும் புதிய ஆட்சி வருவதையும் இருந்து பார்த்துவிட்டு 1949 செப்டம்பரில்தான் கிளம்பினார். அங்கிருந்து இந்தோனேசியா, அது டச்சுக்காரர்களிடமிருந்து விடுபட்ட நேரத்தில். அதற்கு முன்னால் 1947-48-இல் இந்தியாவில். 1954-இல், ஸ்டாலின் இறந்த பிறகு சோவியத் ஒன்றியத்துக்குள் விடப்பட்ட முதல் மேற்கத்தியப் புகைப்படக்காரர்.

இணையத்தில் ஒவ்வொரு படமும் தனித்தனியாக வருகிறது, அதனால் அது அதிர்ஷ்டம் மாதிரித் தெரிகிறது. கண்காட்சியில் ஒரே ஊரின் பத்துப் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும்போதுதான் அந்த மனிதர் அங்கேயே கிடந்தார் என்பது உறைக்கிறது. நடந்திருக்கிறார், சும்மா நின்றிருக்கிறார், மறுநாளும் அதே தெருவுக்கு வந்திருக்கிறார்.

2014 மார்ச் 7, வெள்ளி

வியாழக்கிழமைகளில் இரவு 11 மணி வரை திறந்திருக்கிறார்கள். நேற்று வேலை முடித்து நேரே போனேன். ஒன்பது மணிக்குமேல் கூட்டம் குறைந்துவிடுகிறது. ஏப்ரலில் வருபவர் வியாழக்கிழமை இங்கே இருப்பார் என்றால் அந்த நேரத்தைப் பிடிக்கட்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஏமாந்துவிட வேண்டாம்.

நேற்று அதிக நேரம் நின்றது 1937 லண்டன் படங்களின் முன்னால். ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. பாரிசின் இடதுசாரி நாளிதழ் ‘ஸ சுவார்’ அவரை அனுப்பியது. ராஜாவை அவர் எடுக்கவே இல்லை. ராஜாவைப் பார்க்க வந்தவர்களை எடுத்தார். தலைகளுக்கு மேலாகப் பார்ப்பதற்குக் கண்ணாடி பொருத்திய அட்டைக் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக உட்கார்ந்து தூரத்தில் எதையோ பார்க்கிறார்கள். அதற்குக் கீழே செய்தித்தாள் குவியலுக்குள் ஒருவர் அசந்து தூங்குகிறார். இரவெல்லாம் இடம்பிடித்துக் காத்திருந்துவிட்டு, வந்த காரியம் நடக்கும்போது தூங்கிப் போயிருக்க வேண்டும்.

சித்தப்பாவோடு வில்லியனூர் தேரோட்டத்துக்குப் படமெடுக்கப் போயிருக்கிறேன். எங்களுக்குத் தேர் வேண்டும், தேருக்கு முன்னால் நிற்கும் பெரிய மனிதர்கள் வேண்டும், அவர்கள்தான் பிரிண்டுக்குக் காசு கொடுப்பார்கள். வடம் பிடித்தவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக் காட்டிய அப்பாக்கள், மோர்ப் பந்தலில் நின்ற பாட்டிகள், இவர்களில் ஒருவர் படம்கூட எங்களிடம் இல்லை. அத்தனை வருடத் தேரில் எங்களிடம் இருப்பது தேரின் படம் மட்டும்தான். நேற்று அது மிகவும் வருத்தியது.

2014 மார்ச் 9

‘அவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்திருக்கிறாரா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வந்திருக்கிறார். நல்ல நேரத்தில் வந்திருக்கிறார், அல்லது மோசமான நேரத்தில்.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலை. ரமண மகரிஷி கையில் வந்த புற்றுக்கட்டியால் உடல் தளர்ந்து கடைசி நாள்களில் இருந்தார். அந்த நாள்களில் அவரைப் படமெடுத்தவர்களில் கார்த்தியே-பிரெஸ்ஸோனும் ஒருவர். ஏப்ரல் 14 இரவு ஆசிரமத்துக்குப் பக்கத்தில் தான் தங்கியிருந்த வீட்டுக்கு வெளியே நின்றபோது வானத்தில் ஒரு பெரிய எரிநட்சத்திரம் மெதுவாக நகர்ந்து அருணாசல மலை உச்சிக்கு அப்பால் மறைந்ததைப் பார்த்தார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 8.47. ஆசிரமத்துக்கு ஓடினால், மகரிஷி அந்த நிமிடம்தான் உயிர் நீத்தார் என்றார்கள். திருவண்ணாமலையில் இதைப் பலரும் பக்தியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பிடித்தது, அவர் கடிகாரத்தைப் பார்த்தது. வானத்தைப் பார்த்து வாய்பிளந்து நிற்க வேண்டிய நேரத்திலும் நேரத்தைக் குறித்துக்கொண்ட பத்திரிகைக்காரர்.

சில நாள் கழித்து புதுச்சேரி. அப்போது அது பிரெஞ்சுப் பகுதி. ஸ்ரீ அரவிந்தர் வருடத்தில் நான்கு நாள் மட்டும் தரிசனம் தருவார், பல வருடங்களாக அவரை யாரும் படமெடுத்ததில்லை. ஏப்ரல் 24 தரிசன நாள். கார்த்தியே-பிரெஸ்ஸோனுக்கு ஆசிரமத்தின் அன்னை அனுமதி கொடுத்தார். நாற்காலியில் அமர்ந்த அரவிந்தரை அவர் எடுத்த அந்தப் படங்கள்தான் கடைசிப் படங்களாகிவிட்டன. அதே வருடம் டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் காலமானார். நெகட்டிவ்களை ஆசிரமம் வாங்கிக்கொண்டது.

இதை எழுதும்போதுதான் எங்கள் வீட்டுக் கூடம் நினைவுக்கு வருகிறது. முருகனுக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் பக்கத்தில் அரவிந்தர் படம் மாட்டியிருக்கும். வெண்தாடி, நாற்காலி. பாட்டி வெள்ளிக்கிழமை தோறும் மூன்றுக்கும் பூ வைப்பாள். இருபது வருடம் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதை எடுத்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, ஸ்டூடியோவில் வேலை செய்த நானே. அது இந்த 1950 படம்தானா, அதற்கு முந்தையதா? அம்மாவிடம் கேட்க வேண்டும்.

பொம்பிடு சுவரில் இந்தப் படங்களைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அங்கே இந்தியா என்றால் பெரும்பாலும் காந்திதான்.

2014 மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் கேட்கிறார்: மதுரையை ஏன் விட்டீர்கள்?

வேண்டுமென்றேதான் விட்டேன். அதே 1950-இல் மதுரையில் எடுத்த படம். ஒரு தாயின் கையில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, பின்னால் ஒரு சக்கரம். குழந்தையின் விரல்களையும் சக்கரத்தின் ஆரக்கால்களையும் பார்ப்பவர் கண் தானாகவே சேர்த்துவிடும். அவ்வளவு கச்சிதமான படம். அந்தக் கச்சிதம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அந்தப் பிள்ளை பிழைத்ததா? அந்த அம்மா எந்த ஊர்? இந்தத் தூரத்தில் நின்று சக்கரம் சரியாக வருகிறதா என்று ஒரு மனிதரால் எப்படிப் பார்க்க முடிந்தது?

அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. பசியைப் பார்த்துவிட்டுக் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தால் நல்லவராகியிருப்பாரா? இல்லை. அந்த வறட்சிக் காலத்துக் குழந்தைக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி ஒருவேளை இந்தப் படமாகவே இருக்கலாம். ஆனால் ரமணர் படத்தின் கீழே பெயர் இருக்கிறது, அரவிந்தர் படத்தின் கீழே பெயர் இருக்கிறது. இதன் கீழே ஊர்ப் பெயரும் வருடமும்தான். இந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது, உறுத்த வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

2014 மார்ச் 11

மேலே ‘வறட்சிக் காலத்துக் குழந்தை’ என்று எழுதிவிட்டேன். அது என் ஊகம். படத்தோடு இருப்பது ஊரும் வருடமும் மட்டும் என்று நானே எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் ஒரு காரணத்தையும் சேர்த்துவிட்டேன். கார்த்தியே-பிரெஸ்ஸோன் படக்குறிப்பு விஷயத்தில் கறாரானவர். பத்திரிகைக்குப் படத்தோடு குறிப்பையும் அனுப்புவார், அதன் பொருளை மாற்றக் கூடாது என்பார். ‘வறட்சி’யை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

2014 மார்ச் 16

காந்தி அறை. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மேக்னம் என்ற புகைப்படக்காரர்களின் கூட்டு நிறுவனத்தை 1947-இல் ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ராட்ஜர் ஆகியோரோடு சேர்ந்து தொடங்கினார். படத்தின் உரிமை பத்திரிகையிடம் போகாமல் எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. எங்களைப் போன்ற ஸ்டூடியோக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கல்யாண நெகட்டிவ் யாரிடம் இருக்க வேண்டும் என்று சித்தப்பா வாரத்துக்கு ஒரு சண்டை போடுவார். உலகத்தைப் பங்கு பிரித்தபோது கார்த்தியே-பிரெஸ்ஸோனுக்கு ஆசியா வந்தது. அவர் மனைவி ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர். இந்தியாவில் அந்த அம்மாவுக்கு இருந்த பழக்கங்களால் பல கதவுகள் திறந்தன.

1948 ஜனவரி 30 பிற்பகலில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்திக்கிறார். நியூயார்க் கண்காட்சியின் புத்தகத்தை, அதாவது செத்துவிட்டார் என்று நினைத்துத் தொடங்கிய அதே கண்காட்சியின் புத்தகத்தைக் காட்டுகிறார். காந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், பால் க்ளோதெல் என்ற கவிஞர் ஒரு சவ வண்டியைப் பார்த்து நிற்கும் படத்தில் நின்று, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார் என்று கார்த்தியே-பிரெஸ்ஸோன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடைபெற்று வந்து அதிக நேரம் ஆகியிருக்காது. காந்தி சுடப்பட்டார்.

திரும்பி ஓடுகிறார். அன்றிரவு பிர்லா மாளிகை வாசலில் நேரு மேலே ஏறி நின்று காந்தி இறந்த செய்தியைக் கூட்டத்திடம் சொல்கிறார். அந்தப் படம் தெளிவாக இல்லை. இருட்டு. ஃபிளாஷ் பயன்படுத்துவது அவருக்குப் பிடிக்காது, மரியாதை இல்லாத காரியம் என்று நினைப்பவர். அதனால் ஒரு விளக்கு, அதைச் சுற்றிப் பரவிய வெளிச்சம், நேருவின் முகம் கலங்கியது போல. சித்தப்பா பார்த்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பார், ‘ஷேக் ஆகிடுச்சு’ என்று. எங்கள் பார்வையில் அது வீணான நெகட்டிவ். ஆனால் அன்றைக்கு தில்லியில் யாருடைய கண்ணுக்கும் எதுவும் தெளிவாகத் தெரிந்திருக்காது. இந்த ஒரு படத்துக்காகவாவது போங்கள்.

மறுநாள் சிதை, யமுனைக் கரை, மரத்திலும் கம்பத்திலும் ஏறிய ஜனம், பிறகு அஸ்தி ஏற்றிச் சென்ற ரயில். ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை.

2014 மார்ச் 17

நேற்று ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். அதே அறையில் கொஞ்சம் தள்ளி 1947-இன் குருக்ஷேத்திரம் அகதி முகாம். பிரிவினையில் வந்தவர்கள். ஆண்கள் கைகளை உயர்த்தி, குதித்து, ஒன்றாக உடற்பயிற்சி செய்கிறார்கள். சோர்ந்து போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக முகாமில் செய்ய வைத்தது. கூத்தாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குறிப்பைப் படித்த பிறகுதான் முகங்களைப் பார்த்தேன், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

என் பக்கத்தில் ஒரு வயதான பஞ்சாபி தம்பதி நின்றார்கள். அவர் மனைவியிடம் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: ‘அப்பா இருந்த இடம்.’ முகாமைச் சொன்னாரா, தில்லியைச் சொன்னாரா தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.

2014 மார்ச் 30

வெட்டக் கூடாது, அதாவது கிராப் செய்யக் கூடாது என்ற அவருடைய விதியைப் பற்றி இங்கே மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இரு தரப்பும் பாதி சரி. நெகட்டிவின் ஓரம் கறுப்புக் கோடாகத் தெரியும்படி பிரிண்ட் போடச் சொல்வார், வெட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் கேள்வி கேட்டவர் முதல் வரியில் சொன்ன, தண்ணீரைத் தாண்டும் ஆள் படம் வெட்டிய படம். 1932-இல் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பலகை வேலியின் இடுக்கு வழியாக லென்சை நுழைத்து எடுத்தார். இடதுபக்கம் பலகை மறைத்துவிட்டது, அதை நீக்கினார். வேறு வழியில்லை.

வேலையிலிருந்து வரும்போது அந்தப் பக்கம் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தண்டவாளங்களுக்கு மேலே பாலம், பேருந்துகள், அவசரமாகப் போகும் ஜனம். அந்தத் தண்ணீரும் இல்லை, வேலியும் இல்லை. பத்து நிமிடம் நின்றேன். படத்தில் அந்த ஆளுக்குப் பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரியும் அதேபோல் தாவிக்கொண்டிருப்பாள். இடுக்கு வழியாகப் பார்த்தவருக்கு அது அப்போதே தெரிந்ததா? எனக்கென்னவோ தெரிந்திருக்காது என்றுதான் படுகிறது. ‘சரியான நொடி’ என்று சொல்பவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், மார்ச் 2-இல் எழுதியதைவிட. எவ்வளவு காத்திருந்தாலும் கடைசியில் ஏதோ ஒன்று தானாக வந்து சேர வேண்டியிருக்கிறது.

2014 ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார். மூன்று மணி நேரம் இருந்தாராம். கடைசி ஓவிய அறை பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான், இரண்டு முறையும் வேகமாகக் கடந்துவிட்டேன். எழுபதுகளில் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பென்சிலை எடுத்தார். தொடங்கியதும் ஓவியத்தில்தான், இருபது வயதில் ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் படித்தவர். வட்டம் முடிகிறது என்று ஷெரூ காட்ட விரும்புவது புரிகிறது. ஆனாலும் ஷாங்காய்க் கூட்டத்தையும் தில்லி இருட்டையும் பார்த்துவிட்டு வருபவனுக்கு அந்தப் பென்சில் படங்களில் கண் நிற்கவில்லை.

கேள்வி கேட்டவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: நேரு படத்தில் நேருவைவிட விளக்குதான் தெளிவாக இருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை. நல்ல கண்.

2014 ஜூன் 8, ஞாயிறு

நாளையோடு முடிகிறது. இன்று போனேன். வரிசை வாசலுக்கு வெளியே சரிவுச் சதுக்கம் வரை வந்துவிட்டது, உள்ளே எதையும் நின்று பார்க்க முடியவில்லை. செய்தித்தாளுக்குள் தூங்கும் லண்டன்காரரை மட்டும் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். அரவிந்தர் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள் என்றேன். எதற்குடா இந்த நேரத்தில் என்று திட்டிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள். தூசி தட்டுவது போனில் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் நாற்காலிப் பிடியில் என்றாள். பின்னால் பழுப்பு அட்டை, நான்கு ஆணி, நேரு வீதியில் ஒரு ஃபிரேம் கடையின் சீட்டு. பெயர் எதுவும் இல்லை.

‘மாட்டிவிடட்டுமா?’ என்றாள். கொஞ்சம் வெளிச்சத்தில் வைத்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். வாசல் பக்கம் எடுத்துப் போனாள் போலிருக்கிறது, தெருச் சத்தம் கேட்டது. ‘நேராக என்னையே பார்க்கிறார்டா’ என்றாள்.

ஆகஸ்டில் ஊருக்குப் போகும்போது அட்டையைப் பிரித்துத் தாளைப் பார்க்க வேண்டும்.